சட்டியில் விழுந்த துத்தநாகம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து வெர்லின் சாய்வு நாற்காலியில் குறட்டை விட ஆரம்பித்ததும், ஒலீட்டா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குப் போவாள். கட்டின புருஷனுக்குத் தெரியாமல், சொந்த வீட்டில், எழுபத்துநாலு வயதில், திருடியைப் போல அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வரும். வந்தாலும் போவாள். ஒரு வருஷமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

கொட்டகையில் வாளி நிறைய வீல் வெயிட் இருக்கும். கார் சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் மாட்டுகிற சின்னச் சின்ன எடைத்துண்டுகள். ஹோபர்ட்டின் டயர் கடையில் கழற்றிப் போட்டதையெல்லாம் வெர்லின் வாரிக்கொண்டு வருவான். அது போதாதென்று ரயில்வே கேட்டுப் பக்கம், வண்டிகள் தண்டவாளத்தில் குலுங்கி ஏறி இறங்குகிற இடத்தில், ரோட்டோரமாகக் குனிந்து பொறுக்குவான். கோழி கூட இப்படிக் கிளறாது என்று ஒலீட்டா கேலி பேசியதுண்டு. ஆனால் அந்தத் துண்டுகளில் இருக்கிற ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிய தோட்டாவில்தான் இத்தனை வருஷமும் மான் விழுந்தது. குளிர்காலம் முழுக்க அவள் அடுப்பில் வெந்ததும் அந்தக் கறிதான்.

இப்போது கடைக்காரர்கள் ஈயத்தை மட்டும் மாட்டுவதில்லை. வாளியில் இரும்பும் கிடக்கும், துத்தநாகமும் கிடக்கும். இரும்பால் பாதகமில்லை. உருகாமல் மேலே மிதக்கும், ஜல்லிக் கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். துத்தநாகம்தான் சனியன். பார்வைக்கு ஈயத்தின் உடன்பிறப்பு. தீ இளசாக இருக்கும்வரை அதுவும் மிதக்கும். தீ கூடிவிட்டால் சத்தமில்லாமல் கரைந்து உள்ளே போய்விடும். குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அந்தக் கதைதான். சட்டி மொத்தமும் கஞ்சியாகத் திரிந்து, அச்சில் ஊற்றினால் மூக்கும் முழியும் இல்லாத கட்டிகளாக விழும்.

ஆகவே ஒவ்வொரு துண்டையும் கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஈயத்தில் பல் பதியும், துத்தநாகத்தில் வழுக்கும். தரையில் போட்டால் ஈயம் தொப்பென்று விழும், துத்தநாகம் கிண்ணென்று பாடும். வெர்லினுக்குப் பிளேயரே வேண்டாம். வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டே, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து இடதும் வலதுமாகப் போட்டுக்கொண்டிருப்பான். அந்தக் கை போன வருஷம் அக்டோபர்வரை தப்பியதில்லை.

அந்த அக்டோபரில் ஒரு நாள், கோழிக்கூட்டுத் தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க நாலு துண்டு எடுக்கலாமென்று ஒலீட்டா அவன் பிரித்து வைத்த வாளியில் கையை விட்டாள். எடுத்ததில் ஒன்று கைதவறித் தரையில் விழுந்தது. கிண்ணென்றது. குனிந்து பார்த்தால், அதன் முதுகில் துத்தநாகம் என்பதற்கான இரண்டெழுத்து அச்சடித்தே இருந்தது. குருடன் கூடத் தடவிச் சொல்லிவிடுவான். வாளியைக் கவிழ்த்துத் தேடினாள். இன்னும் ஐந்து கிடைத்தன. அவள் கவிழ்த்த வாளியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு துண்டுக்கா இந்தப் பயம் என்று கேட்கலாம். வெர்லினின் அப்பா ஏசாவைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். எண்பது வயதில் ஏசாவுக்குப் புத்தி பிசகத் தொடங்கியபோது, வயசானால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். ஒரு காலையில் சமையற்கட்டுக் கதவை யாரோ திறக்கிற சத்தம் கேட்டு, திருடன் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். வந்தவன் பால் வாங்கிக்கொண்டு வந்த அவருடைய மூத்த மகன் டார்சி. தொடை எலும்பு போயிற்று. அதற்குப் பிறகு டார்சியைப் பார்க்கும்போதெல்லாம், “ஏன்டா நொண்டுறே? என்ன ஆச்சு?” என்று கிழவர் பாசமாக விசாரிப்பார். டார்சியும் ஒவ்வொரு தடவையும், “ஏணியிலேருந்து விழுந்துட்டேன்பா” என்பான்.

ஏசாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று, கறுப்புக் கோட்டைக் கூடக் கழற்றாமல் வெர்லின் ஒலீட்டாவைச் சமையற்கட்டு மேஜைக்கு எதிரே உட்கார வைத்தான்.

“எனக்கும் அந்த நாள் வரும், ஒலீட்டா. வந்தா எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். என் சட்டில என்னிக்குத் துத்தநாகம் விழுதோ, அன்னிக்கே துப்பாக்கி எல்லாத்தையும் எடுத்து ரோட்னிகிட்டக் குடுத்துடு. நான் அழுதாலும் குடு, திட்டினாலும் குடு. ஈயமா இல்லையான்னு தெரியாதவனுக்கு, மானா மனுசனான்னும் தெரியாது.”

அவள் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அப்போது அது சுலபமாக இருந்தது. அவனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஒரு கையால் ஒரு மானைத் தோளில் தூக்கிப் போடுவான்.

அந்தச் சத்தியம் செய்த கைதான் ஆறு துண்டையும் ஓடையில் எறிந்தது. அவனுக்குக் கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். கண்ணாடி மாற்றினாள். அடுத்த வாளியில் ஒன்பது. பிறகு பன்னிரண்டு. எல்லாவற்றையும் அவள் பொறுக்கி எடுத்தாள். சட்டியில் சுத்தமான ஈயம் உருகியது. வெர்லின் பளபளக்கிற தோட்டாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “கை இன்னும் இருக்குடி” என்றான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்க எவளுக்கு மனசு வரும்?

நவம்பரில் மான் வேட்டைக்கும் போனான். எப்போதும்போல ரோட்னிதான் உடன் போனான். வெர்லினின் தங்கை மகன். தகப்பனில்லாமல் இவர்கள் வீட்டில் பாதி வளர்ந்தவன். கீழேயிருந்து காட்டைக் கலைத்து மானை மேலே விரட்டுவது ரோட்னி வேலை, மேலே நின்று சுடுவது வெர்லின் வேலை. அந்த வாரம் நன்றிநாள் விருந்தில் ரோட்னி சொல்லிச் சொல்லிச் சிரித்தான்: “மாமா சுட்ட குண்டு மானை விட்டுட்டு எனக்கு ரெண்டடி தள்ளியிருந்த ஓக் மரத்துல போய் உக்காந்துச்சு, அத்தை! மரத்த வெட்டி விருந்து வைங்க!” தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லாரும் சிரித்தார்கள். ஒலீட்டாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு நின்றாள்.

இது நடந்து ஒரு வருஷம். வேட்டைப் பருவம் திங்கட்கிழமை மறுபடி திறக்கிறது. இன்றைக்குச் சனிக்கிழமை, சாயங்காலம் ரோட்னி வந்ததும் ஈயம் உருக்குவதாக ஏற்பாடு. அதற்குள் வாளியைச் சுத்தம் பண்ணிவிடலாமென்று ஒலீட்டா கொட்டகையில் குந்தியிருந்தாள். பத்தொன்பது துண்டு இதுவரை மடியில் சேர்ந்திருந்தது. பத்தொன்பது! இரும்புக்கென்று வைத்திருந்த டப்பாவில் நல்ல ஈயம் கிடந்தது. எது எங்கே போக வேண்டுமென்ற நினைப்பே அவனுக்கு இல்லை போலிருக்கிறது.

“அங்க என்னடி பண்றே?”

வாசலில் வெர்லின் நின்றுகொண்டிருந்தான். தூக்கத்தில் கலைந்த தலை, ஒரு காலில் மட்டும் செருப்பு.

“ஒண்ணுமில்ல. வாளி தட்டிக் கொட்டிருச்சு. சிதறினதப் பொறுக்குறேன்.”

நுணலும் தன் வாயால் கெடும். அவன் சிரித்துக்கொண்டே வந்து வாளியைத் தூக்கி அவள் முன்னால் நீட்டினான்.

“இந்த வயசுல குனிஞ்சு பொறுக்கி இடுப்பு புடிச்சுக்கிட்டா யாரு தேய்க்கிறது? ம், கொட்டு இதுல.”

“நீ போய்க் காப்பி குடி. நான் பாத்துக்கறேன்.”

“கொட்டுங்கிறேன்ல. என்னமோ மடியில தங்கத்தக் கட்டி வெச்சிருக்கிறவளாட்டம்!”

அவள் ஏப்ரனைக் கவிழ்த்தாள். துண்டுகள் கிண் கிண்ணென்று வாளியில் விழுந்தன. அந்தச் சத்தத்துக்குத் தூக்கத்தில்கூடத் திரும்பிப் பார்க்கிற மனிதன் அவன். இப்போது அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

சரி, காப்பிக்கு உட்கார்ந்ததும் மறுபடி பொறுக்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்குள் வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது. ரோட்னி கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

“சாயங்காலம் பனி கொட்டுமாம், மாமா. இப்பவே ஊத்தி முடிச்சுருவோம். அத்தை, பெப்பரோனி ரோல் ஏதாச்சும் மிச்சமிருக்கா? காலையிலேருந்து வயிறு காயுது.”

“உள்ள வாடா, சுட வெச்சுத் தர்றேன். நீயும் வா, வெர்லின். சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாம்.”

“கைல எடுத்துட்டு வா. நின்னுக்கிட்டே தின்னுக்குவான். கழுதைக்கு மேஜையெதுக்கு?” என்றான் வெர்லின். ரோட்னி சிரித்தான். வாளி அப்படியே இரும்புச் சட்டியில் கவிழ்ந்தது. கேஸ் அடுப்பு பற்றிக்கொண்டது.

இன்னும் ஒரு வழி இருந்தது. தீ இளசாக எரிந்தால் துத்தநாகம் உருகாது. இரும்போடு மிதக்கும், கரண்டியோடு போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. ஒலீட்டா ரோலைத் தட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“தீயக் கொஞ்சம் கம்மியா வையேன்.”

“சுத்தமாப் பிரிச்சவனுக்குத் தீயக் கண்டு என்ன பயம்? ரோட்னி, உங்க அத்தை எனக்கு ஈயம் உருக்கச் சொல்லித்தர்றா, கேட்டுக்க.”

“பீன்ஸ் வேக வைக்கிற நெனப்புல இருக்காங்க, மாமா.”

“கம்மியா வைன்னு சொல்றேன், வெர்லின்.”

“போடி உள்ள! குளிருது.”

வால்வை முழுக்கத் திறந்துவிட்டான். நீலத்தீ சட்டியின் அடியைச் சுற்றி மேலே ஏறியது. அதுல துத்தநாகம் இருக்கு. மூன்று வார்த்தை. நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போயிற்று. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். அதற்குப் பதில் ஒரு வருஷ நீளம். ஒலீட்டா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ஈயம் உருகிப் பளபளத்தது. ரோட்னி துண்டுகளிலிருந்து கழன்று மிதந்த இரும்பு கிளிப்புகளை அள்ளி எறிந்தான். அழுக்கு பிரிந்து மேலே வருவதற்காக வெர்லின் ஒரு துண்டு மெழுகைப் போட்டு, புகைந்து பற்றி அணையும்வரை கிளறினான். கிளறக் கிளற மேலே ஆடை கட்டியது. வழித்தால் மறுபடி கட்டியது. திரிந்த பாலைப் போலக் கட்டி கட்டியாக ஓரத்தில் ஒதுங்கியது.

“என்ன மாமா இது, தயிராட்டம்?”

வெர்லின் குனிந்து பார்த்தான். ஒரு கரண்டி மொண்டு அச்சில் ஊற்றினான். ஆறியதும் தட்டித் திறந்தான். முனை மழுங்கி, இடுப்பில் மடிப்பு விழுந்து, குறைப்பிரசவமாக இரண்டு கட்டிகள் விழுந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். வெகுநேரம் உருட்டினான். பிறகு போய் கேஸை அணைத்தான்.

“ஹோபர்ட் கடைப் பசங்க கலந்து விட்டிருப்பானுங்க” என்றான் ரோட்னி.

“அவனுங்க கலக்கத்தான் செய்வானுங்க. பிரிக்கிறது நான்.”

“ஒரு தடவ தப்புறது எல்லாருக்கும் உள்ளதுதானே, மாமா.”

வெர்லின் திரும்பி ஒலீட்டாவைப் பார்த்தான். போன வாரம் தேவாலயத்துக்குப் போகிற வழியை மறந்தவன், தன் மகள் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னவன், இதை மட்டும் மறந்திருக்கக் கூடாதா?

“அப்பாவப் பொதச்ச அன்னிக்கு எனக்கு என்ன சத்தியம் பண்ணே?”

“வெர்லின்...”

“சொல்லுடி.”

“துப்பாக்கியெல்லாம் ரோட்னிகிட்டக் குடுக்கணும்னு.”

அவனே போய் எடுத்து வந்தான். ஐந்து ரைஃபிள், ஒரு கைத்துப்பாக்கி. ஒவ்வொன்றையும் திறந்து, காலியாக இருக்கிறதென்று ரோட்னிக்குக் காட்டி, போர்வையில் சுற்றி வண்டியில் வைத்தான். ரோட்னி வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டே வாங்கினான். “மான் கிடைச்சா ஒரு தொடை எங்களுக்குக் கொண்டாடா” என்று வெர்லின் அவன் முதுகில் தட்டி அனுப்பினான்.

இருட்டுமுன்பே சாப்பிட உட்கார்ந்தார்கள். பீன்ஸும் சோள ரொட்டியும். வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. வெர்லின் வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தான். அதுதான் ஒலீட்டாவுக்குத் தாங்கவில்லை.

“ஒரு விதத்துல நல்லதுதான்” என்றான். “மொத தடவையே புடிச்சுட்டோம் பாரு. நாளக்கழிச்சு ரோட்னி எனக்கு முன்னாடி காட்டுல நடந்திருப்பான். எங்கப்பன் பண்ணினத நான் பண்ணல. அந்த மட்டுக்கும் கடவுள் காப்பாத்துனாரு.”

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஒலீட்டா. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த ஒரு ஆறுதலையாவது அவனுக்கு விட்டுவைத்திருக்கலாம். ஆனால் ஒரு வருஷமாகத் தனியாகச் சுமந்தது அவளையும் மீறி வெளியே வந்துவிட்டது.

“மொத தடவ இல்ல, வெர்லின்.”

“என்னது?”

“நான் பொறுக்கி எடுத்துருவேன். நீ தூங்குறப்போ. ஒவ்வொரு வாளியிலயும். இன்னிக்கு நீ பாத்தப்போ மடியில இருந்தது அதுதான்.”

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“எப்பலேருந்து?”

“போன அக்டோபர்லேருந்து.”

“அக்டோபர்.” அவன் உதடு மாதங்களை எண்ணியது. “அப்போ நான் நவம்பர்ல காட்டுக்குப் போனப்போ, உனக்குத் தெரியும்.”

அவள் தலையாட்டினாள்.

“அந்த ஓக் மரம்” என்றான் வெர்லின். “அது மான் இல்ல, ஒலீட்டா. எதைப் பாத்துச் சுட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. என்னமோ அசைஞ்சுது, சுட்டேன். எல்லாரும் சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். வயசானா இப்படித்தான்னு விட்டுட்டேன். என் சட்டி சுத்தமா இருந்துச்சே! அத நம்பித்தானே விட்டேன்!”

“உன்கிட்டேருந்து அதையும் புடுங்க எனக்கு மனசு வரல.”

“என் மனசப் பாத்தே. அந்தப் பையன் உசுரப் பாக்கல. தெரிஞ்சே அவன எனக்கு முன்னாடி நடக்க விட்டே.”

திட்டியிருந்தால் தேவலை. மேஜையைக் கவிழ்த்திருந்தால் கூடத் தேவலை. வெர்லின் எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு முன்னறை நாற்காலிக்குப் போனான். ஐம்பத்தோரு வருஷத்தில் அவள் கட்டிலில் தனியாகப் படுத்த இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவனாக எழுந்து போனது இது ஒன்றுதான். அவள் தூங்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைக்குக்கூட அவளிடம் மறுப்பு இல்லை.

காலையில் துப்பாக்கி அலமாரியின் கதவு படாரென்று திறக்கிற சத்தம் கேட்டது.

“ஒலீட்டா! ஒலீட்டா, எந்திரி! துப்பாக்கி ஒண்ணுகூட இல்ல! யாரோ வீட்டுக்குள்ள பூந்துட்டானுங்க!”

ஓடி வந்து பார்த்தாள். காலி அலமாரி முன்னால் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். கண்ணில் பயம் இருந்தது. கோபம் இல்லை. நேற்றைய இரவின் தடயமே அந்த முகத்தில் இல்லை. “உனக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று அவள் தோளைப் பிடித்துப் பார்த்தான்.

அவள் அவனை உட்கார வைத்தாள்.

“யாரும் வரல. நேத்து சட்டில துத்தநாகம் விழுந்துருச்சு, வெர்லின். துப்பாக்கியெல்லாம் ரோட்னிகிட்டப் போயிருச்சு.”

“நான் பிரிச்சதா?”

“நீ பிரிச்சதுதான்.”

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

“எத்தனாவது தடவ?”

ஒலீட்டா ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தாள்.

“மொத தடவ.”

அவன் பெருமூச்சு விட்டான். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“சொன்ன சொல்லக் காப்பாத்திட்டே, ஒலீட்டா. வேற எவளா இருந்தாலும் மூடி மறைச்சிருப்பா.”

திங்கட்கிழமை விடிந்ததும் மலைப்பக்கம் பருவத்தின் முதல் வெடிச்சத்தம் கேட்டது. வெர்லின் துள்ளி எழுந்து அலமாரியைத் திறந்தான். ஒலீட்டா போய் அவனை உட்கார வைத்தாள். துத்தநாகம் விழுந்ததைச் சொன்னாள். எத்தனாவது தடவை என்று கேட்டான். முதல் தடவை என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னான். நாளைக்கும் சொல்வான்.